எஸ் சைஸ் சட்டைக்கு மட்டும் குறுக்குக்கோடு

வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சின்ன ரெடிமேட் கடை இருக்குங்க. போன வாரம் அங்க பில் போட நின்னுட்டிருந்தேன். கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும், "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே? இதைக் கொஞ்சம் பாருங்களேன். எஸ் சைஸ் போட்டாலே கோடு அடிச்சிக் காட்டுது. ஸ்டாக் இல்லங்குதா, கேன்சல் ஆயிடுச்சுங்குதா, ஒண்ணும் புரியல"ன்னாங்க.

எட்டிப் பார்த்தேன்.

பில்லுல சேர்ந்த பொருள் எல்லாம் மேல பட்டியலா வருது. கடைசியா ஸ்கேன் பண்ணினது மட்டும் கீழ ஒரு லேபிள்ல பெரிய எழுத்துல வருது. எம் போட்டா ஒழுங்கா வருது. எல், எக்ஸெல் எல்லாமே ஒழுங்கு. எஸ் போட்டா மட்டும் பேர் முழுக்க நடுவுல ஒரு கோடு! கூடவே அந்த எஸ்ஸையும் காணோம்.

சரக்கு ஏத்தும்போது அக்கா சைஸை கோண அடைப்புக்குறிக்குள்ள போடறாங்க. <எஸ்> காட்டன் சட்டை, <எம்> காட்டன் சட்டை, இப்படி. (அவங்க அடிக்கிறது ஆங்கில எழுத்து. நான் இங்க தமிழ்ல எழுதறேன், அவ்வளவுதான்.)

எனக்கு ஒரே சந்தோஷம்! இப்படி ஒரு அழகான பிழை கண் எதிர்ல நடந்து எத்தனை நாளாச்சு!

விஷயம் என்னன்னா, ஹெச்டிஎம்எல்ல எஸ்-னு ஒரு டேக் இருக்கு. அதுக்கு வேலையே எழுத்து மேல குறுக்குக்கோடு போடறதுதான். எம்முக்கோ எல்லுக்கோ எக்ஸெல்லுக்கோ அப்படி டேக் கிடையாது. அக்கா சைஸுன்னு நினைச்சு அடிச்சதை அந்த லேபிள் "ஓ, எனக்குக் கட்டளை குடுக்கறாங்க"ன்னு எடுத்துக்கிச்சு. கட்டளைதானே, அதனால எஸ்ஸைத் திரையில காட்டல. மீதிப் பேர் மேல கோட்டைப் போட்டுடுச்சு.

அப்போ மேல இருக்கற பட்டியல்ல ஏன் கோடு வரல? இதுதான் எனக்குக் கிடைச்ச துப்பு. மெனுவுல போய்ப் பார்த்தேன், அந்த மென்பொருள் க்யூட்ல எழுதினது. (நார்வேயில பிறந்த கருவித்தொகுப்பு, 1995ல இருந்து இருக்கு. நம்ம ஊர்ல நிறைய பேர் தமிழ் தட்டச்சுக்கு வெச்சிருக்கற இ-கலப்பையோட மூணாவது பதிப்பு கூட க்யூட்லதான் எழுதினாங்க.) க்யூட்ல பட்டியல், அட்டவணை மாதிரி கன்ட்ரோல் எல்லாம் குடுக்கற எழுத்தை வெறும் எழுத்தாத்தான் காட்டும். லேபிள் அப்படி இல்ல. 'ஆட்டோ டெக்ஸ்ட்'னு ஒரு நிலைதான் அதுக்கு இயல்பு. வர்ற எழுத்தை லேசா மோப்பம் பிடிக்கும். முதல் வரி முடியறதுக்குள்ள தெரிஞ்ச டேக் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா மொத்தத்தையும் ஹெச்டிஎம்எல்னு முடிவு பண்ணிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு வித்தியாசம் எல்லாம் பார்க்காது.

மென்பொருள் எழுதின தம்பிக்கு அக்கா ஃபோன் போட்டுக் குடுத்தாங்க. நான் சொன்னதும் அவர் புரிஞ்சுக்கிட்டார். 'இந்த லேபிள்ல வர்றது வெறும் எழுத்து'ன்னு சொல்ற ஒரே ஒரு வரி. மறுநாளே மாத்திட்டார்.

ஆனா அந்தக் கோடு என் மண்டையை விட்டுப் போகல. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். லேபிளுக்குள்ள டேக் போடற வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது இல்லாத காலம் எவ்வளவு கஷ்டம் தெரியுமா? விண்டோஸோட சாதா லேபிள்ல ஒரு வார்த்தையை மட்டும் தடிமனாக்க முடியாது. ஆக்கினா மொத்தமும் தடிமன். அதனால மூணு லேபிளைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, நடுவுல இருக்கறதுக்கு மட்டும் போல்டு எழுத்துருவைக் குடுப்பாங்க. ஆங்கிலத்துல பார்க்க நல்லாவே இருக்கும். தமிழாக்க வந்தீங்கன்னா மாட்டினீங்க. 'நீக்கவா' முதல் லேபிள், கோப்போட பேர் ரெண்டாவது, கேள்விக்குறி மூணாவது. தமிழ்ல வினை கடைசியிலதானே வரணும்? அந்த மூணு துண்டையும் எப்படிப் புரட்டினாலும் தமிழ் வராது. ஒரே வாக்கியமாக் குடுத்து, பேரைச் சுத்தி மட்டும் டேக் போட்டிருந்தா, மொழிபெயர்க்கறவர் பேரை எங்க வேணும்னாலும் நகர்த்திக்கலாம். பின்னாடி ஒரு 'ஐ' சேர்த்துக்கலாம்.

தமிழ் இடைமுகத்துக்கு இந்த டேக் ஒரு பெரிய உதவிங்க. இதை நான் எங்க வேணும்னாலும் வாதாடுவேன்.

சின்னச் சின்ன லாபமும் இருக்கு. க்யூட்ல டூல்டிப்புக்கு நீளமான வெறும் எழுத்தைக் குடுத்தா, அது மடங்காம திரையோட அந்தக் கோடி வரைக்கும் ஒரே வரியா ஓடும். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தை விட நீளம் வேற. அதே எழுத்தைச் சுத்தி ஒரு பத்தி டேக் போட்டா, சமர்த்தா மடங்கி நாலு வரியா நிக்கும். டூல்டிப்புல வர்ற ரிச் டெக்ஸ்ட், அதாவது டேக் போட்ட எழுத்து, தானா மடங்கும்ங்கறதுதான் காரணம். நான் இன்னமும் இதைத்தான் பண்றேன்.

(ஆனா க்யூட்ல பட்டனுக்கு இந்த வசதி கிடையாது. டேக் போட்டா அது அப்படியே பட்டன் மேல தெரியும்.)

ஜாவா பக்கம் போனா இன்னும் சுவாரசியம். 1996ல அட்வென்ட்நெட்டா ஆரம்பிச்சு 2009ல ஜோஹோன்னு பேர் மாத்திக்கிட்ட கம்பெனி ரொம்ப வருஷம் வேளச்சேரியிலதான் ஆபீஸ் வெச்சிருந்தாங்க. நெட்வொர்க்கைக் கண்காணிக்கற மென்பொருளை ஜாவாவுல பண்ணினவங்க அவங்க. அதனால இந்த ஏரியாவுல ஒரு தலைமுறைக்கே ஜாவான்னா சொந்த வீட்டுச் சமாச்சாரம். ஜாவாவோட இடைமுகக் கருவித்தொகுப்பான ஸ்விங்ல வேலை பார்த்தவங்களுக்கு இந்த வித்தை நல்லாத் தெரியும். லேபிளோ பட்டனோ டூல்டிப்போ, எழுத்தோட ஆரம்பத்துல ஹெச்டிஎம்எல் டேக் இருந்தாப் போதும், மொத்தமும் வலைப்பக்கம் மாதிரி மாறிடும். 2000ல வந்த ஜாவா 1.3 காலத்துலயே இது உண்டு. உள்ள நடக்கறது ரொம்ப எளிமை. முதல் ஆறு எழுத்தைப் பார்க்கும். அது கோண அடைப்போட சேர்ந்த ஹெச்டிஎம்எல் டேக்கா? ஆமான்னா வரையற வேலையை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சிடும்.

யார் எழுதின எழுத்துன்னு அது கேக்கவே கேக்காது. வம்பு அங்கதான்.

கோபால்ட் ஸ்ட்ரைக்குன்னு ஒரு மென்பொருள். நெட்வொர்க்குல ஓட்டை இருக்கான்னு சோதிக்கறவங்க காசு குடுத்து வாங்கறது. (திருடுறவங்களும் திருட்டுப் பிரதியை வெச்சுக்கிட்டுப் பயன்படுத்தறாங்க, அது தனிக்கதை.) அதோட முகப்பு ஸ்விங்ல பண்ணினது. தாக்கப்பட்ட கணினியோட பயனர் பேர் மாதிரி விவரம் எல்லாம் அந்தத் திரையில வந்து விழும். 2022 செப்டம்பர்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, சிவிஇ-2022-39197. பயனர் பேர் இருக்க வேண்டிய இடத்துல ஹெச்டிஎம்எல்லை அனுப்பி வெச்சா, பார்க்கறவர் திரையில அது ஹெச்டிஎம்எல்லாவே உயிர் பெறுது! அவசரமா 4.7.1 பதிப்பு விட்டு அடைச்சாங்க. அந்த அடைப்பு போதலன்னு ஐபிஎம் எக்ஸ்-ஃபோர்ஸ் ஆட்கள் காட்டினாங்க. ஸ்விங்ல சில டேக் மூலமா ஜாவா ஆப்ஜெக்டையே உருவாக்க வைக்கலாம், அதை வெச்சு அந்தக் கணினியில நம்ம கட்டளையையே ஓட்டலாம்னு. அக்டோபர்ல 4.7.2 வந்துச்சு. இது எங்க மென்பொருளுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்ல, ஸ்விங்கோட சுபாவமே இப்படின்னு கோபால்ட் ஸ்ட்ரைக் செஞ்சவங்க விளக்கமும் குடுத்தாங்க. அது உண்மையும்கூட.

யோசிச்சுப் பாருங்க. அடுத்தவன் கணினிக்குள்ள நுழையறதுக்குன்னே செஞ்ச மென்பொருளுக்குள்ள ஒரு லேபிள் வழியா நுழையலாம்! அக்கா கடையில வந்த கோட்டுக்கும் இதுக்கும் வேர் ஒண்ணுதான்.

அதனால என் கட்சி இதுதாங்க: மென்பொருள் எழுதினவர் அடிச்ச எழுத்துக்கு மட்டும்தான் டேக் உரிமை. வாடிக்கையாளர் அடிச்சது, கோப்புல இருந்து வந்தது, நெட்ல இருந்து இறங்கினது எதுக்கும் கிடையாது. ரெண்டும் ஒரே வாக்கியத்துல சேரணும்னா, வெளியில இருந்து வந்த துண்டை முதல்ல எஸ்கேப் பண்ணிட்டுத்தான் (டேக்கா எடுத்துக்க முடியாதபடி மாத்திட்டுத்தான்) சேர்க்கணும். க்யூட்ல அதுக்கு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஜிடிகேங்கற இன்னொரு கருவித்தொகுப்புலயும் இருக்கு. ஸ்விங்ல வெறும் எழுத்து காட்டற லேபிளுக்கு ஹெச்டிஎம்எல்லையே அணைச்சு வைக்க ஒரு பண்பு (ப்ராப்பர்ட்டி) இருக்கு. ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுத மறக்கறதாலதான் இவ்வளவும் நடக்குது.

"கோப்புப் பேர்ல யாருங்க கோண அடைப்பெல்லாம் போடப் போறாங்க?"ன்னு கேட்டா, லினக்ஸ்ல போட முடியும்! விண்டோஸ்ல கோப்புப் பேர்ல கோண அடைப்பு அனுமதி இல்ல. லினக்ஸ்ல தாராளமாப் போடலாம். '&' ரெண்டுலயும் போடலாம்.

அந்த '&' இருக்கே! நம்ம ஊருக்குன்னே படைச்ச சோதனை அது. தி.நகர் ரங்கநாதன் தெருவுலயோ மயிலாப்பூர் மாட வீதியிலயோ பெயர்ப்பலகையைப் பார்த்துக்கிட்டே நடங்க. '& சன்ஸ்', '& கோ', '& பிரதர்ஸ்'. இந்தப் பேரை எல்லாம் ஜிடிகேல எழுதின மென்பொருளுக்குள்ள, எஸ்கேப் பண்ணாம, மார்க்கப் லேபிள்ல போட்டா என்ன ஆகும் தெரியுமா?

பேரே வராது.

ஜிடிகேல இந்த வேலையைப் பார்க்கறது பாங்கோன்னு ஒரு நூலகம். அதோட மார்க்கப் ஹெச்டிஎம்எல் மாதிரி இருக்கும், ஆனா ஹெச்டிஎம்எல் இல்ல. ரொம்பக் கறார். '&' பார்த்ததும் அடுத்து ஒரு குறியீட்டுப் பேரும் செமிகோலனும் வரும்னு எதிர்பார்க்கும். வெற்றிடம் வந்தா மொத்த வாக்கியத்தையும் நிராகரிச்சிடும். டெர்மினல்ல ஒரு எச்சரிக்கை விழும். (டெர்மினலை எந்தக் கடைக்காரர் பார்ப்பார்?) திரையில லேபிள் காலியா நிக்கும். ஏற்கனவே வேற பேர் இருந்த லேபிள்னா இன்னும் மோசம், பழைய பேரே அங்க நிக்கும். ஒருத்தர் பில்லுல இன்னொருத்தர் பேர்!

டேக்கே இல்லாத இடத்துலயும் '&' சும்மா விடாது. க்யூட்லயும் விண்டோஸ்லயும் பட்டன், மெனு மேல அது குறுக்குவிசைக்கான அடையாளம். அதனால அது மறைஞ்சு போய் அடுத்த எழுத்துக்கு அடிக்கோடா மாறிடும். அங்க அதை ரெட்டையா அடிச்சாத்தான் ஒண்ணு தெரியும்.

பாங்கோவோட அந்தக் கறார் குணத்தால மொழிபெயர்ப்புலயும் ஒரு ஆபத்து. ஆங்கில வாக்கியத்துல டேக் திறந்து மூடி சரியா இருக்கும். தமிழாக்கத்துல மூடற டேக் ஒண்ணு விட்டுப் போச்சுன்னா, ஆங்கிலத்துல ஓடறவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. தமிழ்ல ஓடறவங்களுக்கு மட்டும் அந்த இடம் வெறுமையா இருக்கும். "தமிழ்ல போட்டா மென்பொருள் சரியா வேலை செய்யாதுப்பா"ன்னு பேர் வாங்கறது இப்படித்தான். எனக்கு இதுலதான் ரொம்ப ஆதங்கம். சம்பளம் வாங்காம ராத்திரி உக்காந்து லினக்ஸ் டெஸ்க்டாப்புகளான க்னோமையும் கேடிஇயையும் தமிழாக்கினவங்க உழைப்பு, ஒரு கோண அடைப்புல போயிடக் கூடாது.

இப்போ தமிழுக்கே உரிய ஒரு சங்கதிக்கு வரேன். இதை நான் ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சேன்.

தேடல் பெட்டியில தட்டத் தட்ட, கீழ வர்ற பேர்ல பொருந்தற பகுதியைத் தடிமனாக் காட்டுவாங்க இல்லையா? ஆங்கிலத்துல எங்க வெட்டினாலும் பரவாயில்ல. தமிழ்ல? 'க'ன்னு தட்டறீங்க. கீழ 'கொத்தமல்லி' வருது. கணினிக்கு 'கொ'ங்கறது ரெண்டு குறியீடு: முதல்ல க, அடுத்து ஒகரக் குறி. நிரல் க-வைச் சுத்தி மட்டும் தடிமன் டேக் போட்டுடும். திரையில என்ன வரும்? ஒரு தடிமனான க, அப்புறம் அநாதையா ஒரு புள்ளி வட்டத்துக்கு ரெண்டு பக்கமும் கொம்பும் காலும். இப்படி: க ◌ொ.

ஏன்னா ஒகரக் குறி எழுத்துக்கு முன்னாடி பாதி, பின்னாடி பாதி நிக்கணும். தடிமன் எழுத்துரு வேற, சாதா எழுத்துரு வேற. எழுத்துரு மாறின இடத்துல ரெண்டு துண்டும் தனித்தனியாத்தான் வடிவம் பெறும். குறிக்குச் சாய்ஞ்சுக்க எழுத்து இல்ல. அதனால புள்ளி வட்டம்.

மருந்து இருக்குங்க. வெட்டற இடத்தைக் குறியீட்டுக் கணக்குல பார்க்காம, முழு எழுத்துக் கணக்குல பார்க்கணும். யூனிகோட் இதுக்கு 'கிராஃபீம் கிளஸ்டர்'னு விதியே வெச்சிருக்கு. ஐசியூ நூலகத்துல அதுக்கு வழி இருக்கு, க்யூட்லயும் எழுத்து எல்லையைக் கண்டுபிடிக்கற கிளாஸ் இருக்கு. அதைக் கேட்டுட்டு, பாதியில வெட்டு விழுந்தா எழுத்து முடியற வரைக்கும் தடிமனை நீட்டிடுங்க. 'க' தட்டினவருக்கு 'கொ' முழுசாத் தடிமனா வந்தா ஒண்ணும் கோபம் வராது. ஆனா க்ஷ, ஸ்ரீ ரெண்டுலயும் கூடுதல் கவனம் வேணும். அந்த விதிப்படி அதுங்க நடுவுலயே எல்லை விழும். 'ஸ்ரீ'யை நடுவுல அறுத்தா அந்தக் கூட்டெழுத்தே உருவாகாது. ஸ்ரீயும் லக்ஷ்மியும் இல்லாத வாடிக்கையாளர் பட்டியல் சென்னையில எங்க இருக்கு?

தடிமன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. டேக் போட்டுட்டா தடிமன் வந்துடும்னு நினைக்காதீங்க. லோஹித் தமிழ் மாதிரி ஒரே எடையில இருக்கற எழுத்துருவுக்கு போல்டு கேட்டா, கணினி அதே கோட்டை ஊத வெச்சுக் குடுக்கும். ஞ, ண, ஜ, இ எல்லாத்துலயும் சுழி அடைச்சுக்கும். சின்ன அளவுல படிக்கவே முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஏழு எடையில இருக்கற முக்தா மலர், பிரியா ரவிச்சந்திரன் ஒன்பது எடையில வடிவமைச்ச கட்டமரன் மாதிரி நிஜமான போல்டு உள்ள எழுத்துருவை மென்பொருளோடயே சேர்த்துக் குடுத்துடுங்க. இலவசம்தான்.

இடாலிக்? தமிழ் லேபிள்ல வேண்டாம்னே சொல்வேன். இடாலிக்னு தனியா வடிவமைச்ச தமிழ் எழுத்துரு அபூர்வம். வர்றது எல்லாம் நேர் எழுத்தை இழுத்துச் சாய்ச்சதுதான். நிறத்துலயும் ஜாக்கிரதை. டேக்குக்குள்ள கறுப்புன்னு எழுதி வெச்சுட்டு, பயனர் டார்க் தீமுக்கு மாத்தினார்னா, கறுப்பு மேல கறுப்பு. மொத்தத் தொகையையே தேடணும்.

இந்தத் தலைவலிக்கெல்லாம் எனக்குப் பிடிச்ச தீர்வு கேடிஇக்காரங்க பண்ணினது. அவங்க வாக்கியங்கள்ல 'தடிமன்', 'சாய்வு'ன்னு டேக் போடறதுக்குப் பதிலா 'இது கோப்புப் பேர்', 'இது அழுத்தம்', 'இது மென்பொருள் பேர்'னு அர்த்தத்தைச் சொல்ற டேக்கைப் போடலாம். அது திரையில எப்படித் தெரியணும்ங்கற வடிவத்தையே மொழிபெயர்ப்பாளர் தன் மொழிக்கு ஏத்த மாதிரி மாத்திக்க முடியும். ஆங்கிலத்துல ஒரு மாதிரி, தமிழ்ல வேற மாதிரி. மத்த கருவித்தொகுப்புகளும் இந்த வழிக்கு வரணும்னு நான் மனசார ஆசைப்படறேன்.

கடைக்கோ ஆபீஸுக்கோ டெஸ்க்டாப் மென்பொருள் எழுதறவங்க இதைப் படிக்கறீங்கன்னா, ஒரு சின்ன வேலை பண்ணுங்க. வாடிக்கையாளர் பேர் இருக்கற இடத்துல 'ஸ்ரீலக்ஷ்மி & சன்ஸ்'னு போட்டுப் பாருங்க. பொருள் பேர்ல ஒரு தடிமன் டேக்கையே அடிச்சுப் பாருங்க. தேடல் பெட்டியில 'க'ன்னு மட்டும் தட்டி, கொத்தமல்லி என்ன ஆகுதுன்னு பாருங்க. அப்புறம் வெளி எழுத்து வர்ற ஒவ்வொரு லேபிளுக்கும் 'வெறும் எழுத்து'ன்னு எழுதி வெச்சிடுங்க. மென்பொருளைப் பயன்படுத்தறவங்க படிக்கறீங்கன்னா, திரையில காரணமே இல்லாம கோடோ காலி இடமோ புள்ளி வட்டமோ தெரிஞ்சா பழகிக்கிட்டுப் போயிடாதீங்க. படம் எடுத்து எழுதினவங்களுக்கு அனுப்புங்க. பெரும்பாலும் அது அவங்களுக்கு ஒரு வரி வேலைதான்.